பாலாற்றைத் தாண்டும் மருந்துச் சீட்டு

கோபிநத்தம் என்றதும் நம்மில் பலருக்கும் ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். இந்தப் பதிவு வீரப்பனைப் பற்றியது அல்ல. அந்த ஊரிலும் அதைப் போன்ற எல்லையோர ஊர்களிலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காய்ச்சல் என்று டாக்டரிடம் போய்வருகிறவர்களின் கையில் இருக்கும் காகிதத்தைப் பற்றியது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டி, மாதேஸ்வரன் மலைக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே இருக்கிறது அந்த ஊர். 1997 வரை கர்நாடகத்தின் மைசூர் மாவட்டம், அதற்குப் பிறகு சாமராஜநகர் மாவட்டம். வீட்டில் பேசுவது தமிழ், அரசாங்கக் காகிதம் கன்னடம், டாக்டர் எழுதுவது ஆங்கிலம். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு பக்கம் மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால்; இன்னொரு பக்கம் எல்லையில் ஓடும் பாலாற்றைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கொளத்தூர், மேட்டூர். ஒரு மாநிலத்தில் எழுதிய சீட்டை இன்னொரு மாநிலத்து மருந்துக்கடையில் நீட்ட வேண்டிய நிலைமை இங்கே அன்றாடம் வரக்கூடியது. சிறிய கிளினிக்குகளில் கணினி மருந்துச் சீட்டு வர வேண்டுமா என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய ஆஸ்பத்திரிகளைவிட ஒற்றை டாக்டர் கிளினிக்குகளுக்குத்தான் இது அவசரமாகத் தேவை. அவர்களால் முடியாது என்று சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை நாம் தவறான இடத்தில் தொடங்குவதால் வருபவை.

கையெழுத்துச் சீட்டு இத்தனை காலம் எப்படி ஓடியது என்று யோசித்தால் விஷயம் பிடிபடும். ஒரு சின்ன ஊரில் கிளினிக்கும் அதற்கு எதிரே மெடிக்கல் கடையும் இருக்கும். கடைக்காரருக்கு அந்த டாக்டரின் கை பழகியிருக்கும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்தால் போதும், நடுவில் என்ன என்பதை அவரே ஊகித்துக்கொள்வார். டாக்டர் வழக்கமாக எழுதும் பிராண்டுகள்தான் அலமாரியில் அடுக்கியிருக்கும். சந்தேகம் வந்தால் ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டுவிடலாம். இந்த ஏற்பாட்டைத் தாங்கிப் பிடிப்பது அறிமுகம் மட்டுமே. சீட்டு அந்தத் தெருவை விட்டு வெளியே போன நிமிடமே அது உடைகிறது. மேட்டூர்க் கடைக்காரருக்குக் கொள்ளேகால் டாக்டரின் கை தெரியாது, அவர் வழக்கமாக என்ன எழுதுவார் என்பதும் தெரியாது. சீட்டில் போன் நம்பர் இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு யார் எடுப்பார்கள்? பெரிய ஆஸ்பத்திரி நோயாளி பெரும்பாலும் அதே கட்டடத்தின் பார்மசியில் மருந்து வாங்குகிறார், அடுத்த முறை அதே கோப்போடு வருகிறார். மலையடிவார ஊர்க்காரரின் சீட்டுதான் முன்பின் தெரியாதவர்களின் கைக்குப் போகிறது.

இந்திய நீதிமன்றங்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. 2024 ஜனவரியில் ஒடிசா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பாம்பு கடித்து இறந்த மகனுக்காக அரசு நிவாரணம் கேட்டு ஒருவர் மனு போட்டிருந்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையை நீதிபதியால் படிக்க முடியவில்லை. எழுதிய டாக்டரே நீதிமன்றத்தின் முன் தோன்றி என்ன எழுதியிருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. மாநிலத்தின் டாக்டர்கள் எல்லோரும் படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய (கேப்பிடல்) எழுத்துகளில், எழுத வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. ஒரு ஜாமீன் மனுவில் வைக்கப்பட்ட மருத்துவ அறிக்கையில் ஒரு சொல்கூடப் புரியாததைக் கண்ட நீதிமன்றம், படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று சொன்னது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணினிச் சீட்டுக்கு மாற வேண்டும், அதுவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும், மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் கையெழுத்துப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அப்போது இந்திய மருத்துவ சங்கத் தலைவர் திலீப் பானுசாலி சொன்ன கருத்து முக்கியமானது: நகரங்களும் பெரிய ஆஸ்பத்திரிகளும் மாறிவிட்டன, கிராமங்களிலும் சிறு நகரங்களிலும்தான் இது கடினம். நிலவரத்தை அவர் சரியாகவே சொல்கிறார். ஆனால் கடினமான இடத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், ஆபத்து அதிகமுள்ளவர்களைத்தான் கடைசிக்குத் தள்ளிவைக்கிறோம்.

ஆபத்து என்று சும்மா மிரட்டவில்லை. இங்கிலாந்தில் 1980-களில் நடந்த ஒரு சம்பவம் சட்ட மாணவர்களுக்கு இன்றும் பாடம். குடும்ப டாக்டர் ஒருவர் நெஞ்சுச் சளிக்கு அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். மருந்தாளுநர் அதை டயோனில் என்று படித்தார். டயோனில் சர்க்கரை நோய்க்கான மாத்திரை. நம் ஊரிலும் நன்கு தெரிந்த பெயர். நோயாளிக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி அவருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. வழக்கு 1989-இல் முடிந்தபோது மருந்தாளுநருக்கு 75 சதவீதப் பொறுப்பும் டாக்டருக்கு 25 சதவீதப் பொறுப்பும் என்று தீர்ப்பானது. டெக்சாஸில் 1995-இல் இதய நோயாளி ஒருவருக்கு எழுதிய ஐசார்டில், பிளெண்டில் என்று படிக்கப்பட்டது. ரத்தக்கொதிப்பு மாத்திரையான பிளெண்டிலை அதன் உச்ச அளவைவிடப் பல மடங்கு சாப்பிட்ட அவர் மாரடைப்பில் இறந்தார். 1999-இல் டாக்டரும் மருந்துக்கடையும் சேர்ந்து நாலரை லட்சம் டாலர் தர வேண்டும் என்றது ஜூரி. இரண்டு வழக்கிலும் டாக்டர் எழுதியது சரியான மருந்துதான். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தையும் முடிவு செய்த பிறகு, அந்த முடிவு இரண்டு அங்குலக் காகிதத்தில் தொலைந்து போனது.

மாறினால் உண்மையில் குறைகிறதா? இதற்குச் சிறு கிளினிக்குகளில் இருந்தே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ரெய்னு கௌஷலும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சமூகக் கிளினிக்குகளில் நடத்தி 2010-இல் வெளியிட்டது. கணினிச் சீட்டுக்கு மாறிய டாக்டர்களின் பிழைகள் 100 சீட்டுக்கு 42.5 என்று இருந்து, ஒரு வருடத்தில் 6.6 ஆகக் குறைந்தன. கையாலேயே எழுதிக்கொண்டிருந்த டாக்டர்களிடம் 37.3 என்று இருந்தது 38.4 ஆனது, அதாவது மாற்றமே இல்லை. இந்த இரண்டாவது எண்ணை நான் முக்கியமாக நினைக்கிறேன். காலம் போகப் போக அனுபவத்தில் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது இடம் தரவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தக் கணக்கில் கிறுக்கல் சேரவில்லை, அது தனியாக எண்ணப்பட்டது. அளவு எழுதாமல் விட்டது, எத்தனை நாளைக்கு என்று சொல்லாதது போன்ற பிழைகள்தான் இதில் இருந்தன.

அதனால்தான் "பெரிய எழுத்தில் எழுதினால் போதுமே, கணினி எதற்கு" என்ற வாதம் எனக்குப் போதாது என்று படுகிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2016 அக்டோபரிலேயே விதியைத் திருத்தி, மருந்தின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுதச் சொல்லிவிட்டது. ஒன்பது வருடம் கழித்து ஒரு உயர் நீதிமன்றம் அதையே மறுபடி சொல்ல வேண்டி வந்திருக்கிறது. டாக்டர்கள் பொல்லாதவர்கள் என்பதால் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது, நூறு பேரைப் பார்க்கிற கை பெரிய எழுத்தில் எழுதித் தாங்காது. பெரிய எழுத்து, விடுபட்டதையும் காட்டித் தராது. இன்சுலின் அளவில் யூனிட்டைச் சுருக்கி "10 U" என்று எழுதினால் அந்த U பூஜ்யமாகி 100 ஆகத் தெரியும் ஆபத்து உலகெங்கும் அறிந்தது. வாரம் ஒரு முறை எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் எடுத்து உயிருக்கு ஆபத்தானவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இவற்றைத் தடுக்க, எழுதும்போதே "எந்தக் கிழமை" என்று திருப்பிக் கேட்கும் ஒரு பெட்டி வேண்டும். காகிதம் திருப்பிக் கேட்காது.

நேரம் இல்லை என்பது டாக்டர்களின் முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். 2017-இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து வெளிவந்த ஒரு ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு ஆரம்ப நிலை டாக்டர் செலவிடும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது. அந்த 2 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைத் தட்டச்சு தின்றுவிட்டால் நோயாளியின் முகத்தை யார் பார்ப்பது? ஆனால் சிறு கிளினிக்கின் கூட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, ஆஸ்துமா என்று மாதாமாதம் வருகிறவர்கள் ஒரு பெரும் பங்கு. இவர்களுக்குப் போன மாதச் சீட்டைத் திறந்து, மாறியதை மட்டும் மாற்றி அச்சிடலாம். கையால் ஆறு மருந்தைத் திரும்ப எழுதுவதைவிட இது சீக்கிரம் முடியும். புதிய நோயாளிக்கு நேரம் கூடும், அதுவும் முதல் சில வாரங்களில் எரிச்சல் வரும் அளவுக்குக் கூடும். அதை மறைத்து "எல்லாம் சுலபம்" என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். பட்டியலைச் சுருக்குவதும் உதவும். எந்த ஒற்றை டாக்டரும் வழக்கமாக எழுதுவது நூறோ நூற்றைம்பதோ மருந்துகள். அவற்றை அளவோடும் வேளையோடும் ஒரு முறை உட்கார்ந்து பதிந்து வைத்துவிட்டால் மீதி வேலை பாதியாகிவிடும்.

அதைவிடக் கனமான ஆட்சேபம், கணினியும் தப்பு செய்யும் என்பது. செய்கிறது. 2011-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, மருந்துக்கடைகளுக்கு வந்த 3,850 கணினிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தது. 11.7 சதவீதத்தில் பிழை. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கையெழுத்துக்குப் பதில் சொடுக்கு வந்ததும், பட்டியலில் மேலும் கீழும் இருக்கும் மருந்தைத் தவறித் தேர்ந்தெடுக்கும் புதுவகைப் பிழையும் வந்தது. ஆனால் அந்த ஆய்வின் உள்ளே இன்னொரு தகவல் இருக்கிறது. பிழை வீதம் மென்பொருளுக்கு மென்பொருள் 5.1 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதம் வரை வேறுபட்டது. அதிகமான பிழைகள் அளவு, கால அளவு, வேளை போன்ற விவரங்களைக் காலியாக விட்டதால் வந்தவை. காலியாக விட்டால் அச்சாகாது என்று ஒரு விதி வைத்தால் இவற்றில் பெரும்பகுதி நின்றுவிடும். ஆகவே இந்த ஆய்வைக் காட்டி "வேண்டாம்" என்று சொல்வதைவிட, "எந்த மென்பொருள்" என்று கறாராகக் கேட்பதே சரி. தவறித் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு எளிய காவல் உண்டு: அச்சான சீட்டை டாக்டர் கையெழுத்துப் போடும் முன் வாய்விட்டு நோயாளிக்குப் படித்துக் காட்டுவது. சர்க்கரை மாத்திரை என்று காதில் விழுந்தால், "எனக்குச் சர்க்கரை இல்லீங்களே" என்று நோயாளியே சொல்லிவிடுவார்.

கையெழுத்துப் போடும் முன் என்றேனே, அங்கேதான் என் யோசனை இருக்கிறது. மின் மருந்துச் சீட்டு என்றதும் இணையம், கிளவுட், டிஜிட்டல் கையொப்பம், நேராக மருந்துக்கடைக் கணினிக்குப் போகும் சங்கிலி என்று முழு மாளிகையையும் கற்பனை செய்துகொள்கிறோம். காட்டோர ஊரில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், கரன்ட்டும் அப்படித்தான். அங்கே மாளிகைக் கனவோடு தொடங்கினால் முதல் மழைக்காலத்திலேயே டாக்டர் பழைய பேடுக்குத் திரும்பிவிடுவார். முதல் படி சின்னதாக இருக்கட்டும்: இணையம் இல்லாமலும் ஓடும் ஒரு மென்பொருள், பேட்டரியில் ஓடும் ஒரு லேப்டாப், அச்சிட்டு மையால் கையெழுத்து. மருந்து விற்பனை விதிகள் கேட்பது எழுத்து வடிவம், டாக்டரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர் முகவரி, மருந்தின் பெயரும் அளவும். அச்சிட்டுக் கையெழுத்திட்ட காகிதம் இவை எல்லாவற்றையும் நிறைவேற்றுகிறது. அந்த விதிகள் மத்திய அரசின் விதிகள். பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான்.

அச்சடிப்பதிலும் ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசம் செய்கிறது. விலை குறைவு என்று பல இடங்களில் பஸ் டிக்கெட் போல வரும் தெர்மல் காகிதத்தில் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வெயிலும் பிளாஸ்டிக் கவரும் பட்டால் அந்தக் காகிதம் சில மாதங்களில் வெளுத்து எழுத்தே இல்லாமல் போகும். சர்க்கரை நோயாளி பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்திருக்கும் சீட்டு அடுத்த டாக்டரிடம் வெள்ளையாகத்தான் விரியும். இங்க்ஜெட் மை மழையில் கரையும். லேசர் அச்சு நிற்கும். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் ஜெனரிக் பெயரோடு அடிக்க வேண்டும். அப்போது அந்தப் பிராண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் மக்கள் மருந்தகத்தில்கூட அதே மருந்தைக் கேட்டு வாங்கலாம். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் நோயாளியின் மொழியில் அடிக்க வேண்டும். ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்., 1-0-1 என்பதெல்லாம் தொழிலுக்குள் புழங்குபவை. "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள்" என்று தமிழில் இருந்தால் வீட்டிலுள்ள பேத்தி படித்துச் சொல்வாள். கன்னடம் படித்த பிள்ளை என்றால் கன்னடத்தில் அடித்துக் கொடுக்கலாம். கையால் எழுதும் டாக்டருக்கு மூன்று மொழியில் எழுத நேரம் கிடையாது. கணினிக்கு அது ஒரு தேர்வு, அவ்வளவுதான். எல்லையோர ஊர்களுக்கு இதன் மிகப் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

மருந்தைத் தாங்களே கொடுக்கும் டாக்டர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடை தூரமாக உள்ள ஊர்களில் டாக்டரே மாத்திரையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவது வழக்கம். தன் நோயாளிக்குத் தானே மருந்து தர சட்டத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கவரின்மேல் வேளைக்கணக்கு மட்டும்தான் இருக்கும்; உள்ளே இருக்கும் வெள்ளை மாத்திரையின் பெயர் இருக்காது. அன்று ராத்திரி மூச்சுத் திணறி மேட்டூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? இதே கோபிநத்தத்தில், 1991 நவம்பரில் வீரப்பனால் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ், மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்ததோடு ஊர் மக்களுக்காக மருந்தகமும் நடத்தினார். அன்றைக்கு மருந்து ஊருக்குள் வந்து சேர்வதே பெரிய காரியம். இன்று என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்ற விவரமும் கூடவே போக வேண்டியிருக்கிறது. கவரோடு பெயர் அச்சிட்ட ஒரு சீட்டும் தர வேண்டும்.

நம் தகவல் யார் கைக்குப் போகும் என்ற பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு மென்பொருள் வந்தால், அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து என்று டாக்டர் கேட்க வேண்டும். எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்பது மருந்துக் கம்பெனிகளுக்குப் பொன்னான தகவல். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருப்பது ஒரு காவல். கிளினிக்கின் கணினியிலேயே தகவல் தங்குவது அதைவிட நெருக்கமான காவல். இதனாலும் நான் இணையத்தை இரண்டாம் படியாக வைக்கிறேன். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. டிஜிட்டல் பதிவுக்கு ஊக்கத்தொகையும் 2023-இல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் எத்தனை பதிவு மேலே ஏறியது என்று எண்ணிப் பணம் தருவதைக் காட்டிலும், ஒரு பிரிண்டரும் காகிதமும் முதல் மூன்று மாதம் பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒரு ஆளும் கொடுத்தால் சிறு கிளினிக் நிச்சயம் மாறும்.

இணையச் சங்கிலி வேண்டாம் என்று சொல்லவில்லை. எஸ்டோனியா 2010 ஜனவரியில் மின் மருந்துச் சீட்டைத் தொடங்கியது. இன்று அங்கே ஏறத்தாழ எல்லாச் சீட்டும் அப்படித்தான். 2019 ஜனவரியிலிருந்து பின்லாந்து டாக்டர் எழுதிய சீட்டுக்கு எஸ்டோனிய மருந்துக்கடையில் மருந்து வாங்க முடிகிறது. நடுவே கடல், இரண்டு நாடு, இரண்டு மொழி. நமக்கு நடுவே ஒரு ஆறு, ஒரே நாடு, ஒரே மருந்துச் சட்டம். நம் கையிலும் இ-சஞ்சீவனி இருக்கிறது. 2023 பிப்ரவரியிலேயே 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிய சேவை. அதில் டாக்டரிடம் பேசி முடித்தால் கிடைப்பது அச்செழுத்துச் சீட்டுதான். தொலைவில் இருக்கும் டாக்டரால் தெளிவான சீட்டு தர முடிகிறபோது, எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரிடமும் அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சிறு கிளினிக் நடத்தும் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மாதாமாதம் வரும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்கு மட்டும் இந்த மாதம் அச்சிட்டுக் கொடுத்துப் பாருங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: சீட்டைக் கையில் வாங்கியதும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்ற நான்கையும் தேடுங்கள். ஒன்றைப் படிக்க முடியாவிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அங்கேயே கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.